ஜெகந்நாதன் ஐயாவுக்கும் நம் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி, பிப்ரவரி 9

வருகிற 12ஆம் தேதி சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் நினைவு நாளுக்கு எங்கள் ஊரில் படம் வைத்து மாலை போடப் போகிறார்களாம். அவர் பாடுபட்டதெல்லாம் நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம். நிலம் வாங்கிக் கொடுத்ததும் அங்கேதான். ராமநாதபுரம் கடற்கரையில் அவருக்கு எதற்கு விழா? எனக்கு வயது 24. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

பிப்ரவரி 9, இரவு

தம்பி, கேட்டதில் தப்பில்லை. உன் வயதில் நானும் இதையே கேட்டேன், அதுவும் கோபமாக.

முதலில், அவர் நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளை. வசதியான வீட்டில் பிறந்து, காந்தி கூப்பிட்டார் என்று கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு வந்தவர். 1942இல் சிறைக்குப் போனவர். ஆனால் பிறந்த ஊரை வைத்து உறவு கொண்டாட நான் வரவில்லை. 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகள் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. அது நாகப்பட்டினத்துக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல, இந்தியக் கடற்கரை முழுவதற்கும். தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் எல்லாம் அதில் அடக்கம். அந்த வழக்கைப் போட்டவர் இவர்தான். போடும்போது அவருக்கு 80 வயதை ஒட்டி இருக்கும்.

நான் அப்போது ஓர் இறால் பண்ணையில் தீவனம் போடும் பையன். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 10, காலை

எழுதுகிறேன் என்றேன், எழுதிவிடுகிறேன்.

பண்ணையின் பெயர் வேண்டாம். வடகடல் பக்கம், எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் 20 நிமிடம். 1994இல் சேர்ந்தேன். மாதம் 900 ரூபாய். வலைக்குப் போன என் அப்பா நல்ல நாளில் கொண்டு வருவதைவிட அது அதிகம், அதுவும் மாதம் தவறாமல் வரும். ஊரில் முதலில் பேன்ட் தைத்துப் போட்டவன் நான்தான்.

ஒரு நாளைக்கு நாலு வேளை தீவனம். குளத்தின் ஓரத்தில் நிற்கும் தட்டைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருக்கிறதா, காலியா என்று குறித்துவைக்க வேண்டும். ராத்திரியில், தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் நின்றுவிடாமல் பார்க்க வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டும். ஏரேட்டர் சக்கரம் தண்ணீரை அடிக்கிற சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து செய்தி வரும். ஒரு கிழவரும் அவர் மனைவியும் பெண்களைக் கூட்டிக்கொண்டு பண்ணைகளின் முன்னால் உட்காருகிறார்கள், உண்ணாவிரதம் இருக்கிறார்கள், மண் வெட்டும் எந்திரத்தை மறிக்கிறார்கள் என்று. எங்கள் சூப்பர்வைசர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உங்க சோத்துல மண்ணள்ளிப் போட ஒருத்தர் கிளம்பியிருக்கார்" என்பார். நானும் நம்பினேன். அந்தக் கிழவரின் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை.

பிப்ரவரி 10, இரவு

தீர்ப்பைத் தேடினேன், ஜெகந்நாதன் என்று எதுவும் இல்லையே என்று கேட்டவருக்கு: கிடைக்காது. வழக்கின் பெயரில் கடைசி இரண்டு எழுத்து விட்டுப்போய்விட்டது. "எஸ். ஜகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம்" என்று தேடுங்கள். ரிட் மனு எண் 561, ஆண்டு 1994. நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது. மனுதாரர் கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்று தொடக்கத்திலேயே இருக்கும். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் நாடு முழுக்க இதைப் படிக்கிறார்கள். நம் ஊர்க்காரர் பெயர்தான் அது என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ.

பிப்ரவரி 12

விழா நடந்தது. போய் வந்தேன். ஃபிளெக்ஸ் கடைக்காரர் "ஜெகந்நாதன்" என்று இணையத்தில் தேடி, வேறு யாரோ ஒரு ஜெகந்நாதனின் படத்தைப் போட்டு அடித்து அனுப்பிவிட்டார். கோட்டும் டையுமாக ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பெரியம்மா ஒருத்தி பக்கத்தில் வந்து, "இவரா உண்ணாவிரதம் இருந்தாரு? நல்லா சாப்பிட்ட ஆளாட்டம் இருக்காரே" என்றாள். கூட்டமே சிரித்தது. அப்புறம் கைபேசியில் சரியான படத்தை எடுத்து, அதைக் கல்லில் சாய்த்து வைத்துத்தான் பூப்போட்டோம். கதர்த் துண்டு, தாடி. 2013இல் இதே நாளில் இறந்தார், நூறை நெருங்கிய வயதில்.

பேசச் சொன்னார்கள். பேச வரவில்லை எனக்கு. அம்மாவைப் பற்றித்தான் பேசினேன்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக: எங்கள் கடற்கரையில் கிணறு தோண்டினால் உப்பு. மணல்மேட்டில், பனைமர ஓரமாக, முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் பறித்தால் மட்டும் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக நிற்கிறது, அதுதான். ஊற்று என்போம். பெண்கள் குனிந்து உட்கார்ந்து சிரட்டையால் கோருவார்கள். வேகமாகக் கோரினால் கலங்கிவிடும், ஆழமாகக் கோரினால் உப்பு ஏறிவிடும். அம்மா சிரட்டையைச் சாய்க்கிற விதத்தில் தண்ணீர் தானாக வந்து விழும். அரைச் சிரட்டை, சேலைத் தலைப்பில் வடிகட்டிக் குடத்துக்குள், அப்புறம் காத்திருப்பு, மறுபடி அரைச் சிரட்டை. ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். அடுத்தவள் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

பண்ணை வந்த இரண்டாவது கோடையில் அம்மா ஒருநாள் "பருப்பு வேகலடா" என்றாள். பருப்புதான் சரியில்லை என்று வேறு கடையில் வாங்கினோம். அதுவும் வேகவில்லை. அதற்கடுத்த மாதம் டீ போட்டால் பால் திரிந்தது. ஊற்றுக்கும் பண்ணைக் குளத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து நிலத்தில் நிறுத்தி மாதக்கணக்கில் வைத்திருந்தால் அது பக்கவாட்டில் இறங்காமல் என்ன செய்யும்? அந்த மோட்டாரைப் போட்டு நிறுத்தியவன் நான். அம்மா என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் அரை மைல் தள்ளி நடந்தாள்.

இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 13

நேற்று ராத்திரி தீர்ப்பை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், ஊர்ப் பொதுப் பயன்பாட்டு நிலம், எதையும் இறால் குளமாக மாற்றக் கூடாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் புதுக் குளமே வெட்டக் கூடாது. வழிவழியாகச் செய்துவந்த முறைகளுக்கு மட்டும் விலக்கு. மற்ற பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். கெடுத்தவர்களே நட்ட ஈடு கட்ட வேண்டும்.

அப்புறம் ஒரு பத்தி வந்தது. மகள் நிறுத்தி, "அப்பா, இது உங்களப் பத்தி" என்றாள்.

மூடப்படும் பண்ணைகளில் ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான இழப்பீடு தர வேண்டும், அதற்கு மேல் ஆறு ஆண்டுச் சம்பளமும் தர வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஆறு ஆண்டு! 900 ரூபாய் கணக்குப் போட்டாலும் 64,800 ரூபாய். 1997இல் அந்தப் பணத்துக்கு எங்கள் ஊரில் ஒரு நாட்டுப்படகும் வலையும் வாங்கியிருக்கலாம். பண்ணை முதலாளி என்னை ஏமாற்றிவிட்டார். சோற்றில் மண்ணள்ளிப் போட்டது யார் என்று இப்போது தெரிகிறது.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

பிப்ரவரி 15

முந்தாநாள் எழுதியதில் ஒரு தப்பு. வழக்கறிஞர் தங்கை ஒருவர் பொறுமையாக விளக்கினார். அவருக்கு நன்றி.

அந்தத் தீர்ப்பின்படி வேலை இழந்தவர்களாகக் கருதப்படுவது 1997 ஏப்ரல் 30ஆம் தேதியிலிருந்து. எங்கள் பண்ணை 1996 நடுவிலேயே மூடிவிட்டது. தீர்ப்பு வருவதற்கு முன்பே. ஆகவே அந்தப் பத்தி எனக்குப் பொருந்தாது. போதாததற்கு, பண்ணைகளை இடிக்கும் உத்தரவும் மறுஆய்வு மனுக்களின் பேரில் நிறுத்திவைக்கப்பட்டது. முதலாளி என் ஆறு ஆண்டுச் சம்பளத்தை ஏமாற்றினார் என்று நான் எழுதியது சரியல்ல. கடைசி இரண்டு மாதச் சம்பளத்தைத் தரவில்லை, அது மட்டும் உண்மை.

மூடியது கிழவரால் அல்ல, நோயால். வெள்ளைப்புள்ளி நோய். ஒரு விடியற்காலையில் தட்டைத் தூக்கினேன், தீவனம் அப்படியே இருந்தது. குளத்தின் ஓரத்தில் இறால்கள் வந்து ஒதுங்கி நின்றன, கையால் பிடித்தால் ஓடவில்லை. தலை ஓட்டில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாதிரி வெள்ளை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை, ஓட்டுக்குள்ளேயே இருந்தது. நாலைந்து நாளில் குளம் முழுக்கச் செத்து மிதந்தது. அந்தத் தண்ணீரை ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் திறந்துவிடச் சொன்னார்கள். திறந்துவிட்டோம். ஓடை போய்ச் சேருவது எங்கள் ஊர் ஆட்கள் நண்டு வலை போடுகிற இடத்தில். மறுவாரம் பண்ணையில் ஆள் இல்லை. மோட்டாரைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குளம் மட்டும் வெள்ளை பூத்துக் கிடந்தது. இன்றைக்கும் அங்கே சீமைக்கருவேலம் தவிர ஒன்றும் முளைக்கவில்லை.

ஆகவே பணம் போனது என்கிற வருத்தம் போய்விட்டது. இன்னொன்று போகவில்லை. எங்கள் தண்ணீருக்காகப் போட்ட வழக்கில், பண்ணையில் வேலை பார்த்த எங்களைப் போன்றவர்களின் வயிற்றையும் நினைத்து ஒரு பத்தி வந்திருக்கிறது. அதைப் படிக்க எனக்கு ஏறக்குறைய 30 ஆண்டு ஆயிற்று. அதுவரை திட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 19

"அவர் காந்தியவாதி, பூதானக்காரர் (நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கிய இயக்கத்துக்காரர்). உரிமைப் போராளி என்று சொல்வது பொருந்தாது" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன்.

அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது அரசியல் சட்டத்தின் 32ஆம் பிரிவில். அடிப்படை உரிமை பறிபோகிறது என்று நேராகப் போய்க் கதவைத் தட்டுகிற வழி அது. குடிக்கிற தண்ணீரையும் கடலுக்குப் போகிற பாதையையும் உரிமை என்று சொல்லிக் கேட்டார். இன்று பிப்ரவரி 19. 1991இல் இதே நாளில்தான் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது, உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறி நிற்கிற எல்லையிலிருந்து, 500 மீட்டர் என்று. அது காகிதத்தில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்து என்று கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அதோடு, கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதுதான் குற்றம். அதற்கப்புறம் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் அந்தப் பக்கமே போய்த் தங்கிவிட்டார்கள். 1981இல் லாப்டி (உழுபவர் விடுதலைக்கு நிலம்) என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, நிலச் சொந்தக்காரர்களிடம் விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். பட்டா பெண்களின் பெயரில். குடிக்கிற கணவன் அடகு வைக்க முடியாது என்பதை அந்த அம்மா நன்றாக யோசித்திருக்கிறார்.

இதை உரிமைப் போராட்டம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கிருஷ்ணம்மாளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தலித் குடும்பத்தில், வறுமையில் பிறந்து, பட்டம் படித்தவர். இருவரும் சுதந்திர நாட்டில்தான் திருமணம் என்று காத்திருந்து 1950இல் செய்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கல்யாணம் எங்கள் பக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 2008இல் ஸ்டாக்ஹோமில் கொடுக்கிற ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. 2020இல் அந்த அம்மாவுக்குப் பத்ம பூஷண். நம் விழாவில் அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் இரண்டு படம் வைக்க வேண்டும்.

பிப்ரவரி 24

பண்ணை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "பழைய தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். 2005 சட்டம் வந்துவிட்டது. நான் பதிவு செய்து முறையாக நடத்துகிறேன்."

அவர் சொல்வதில் பாதி சரி. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 500 மீட்டர் கட்டுப்பாட்டிலிருந்து இறால் வளர்ப்புக்கு வழிவிட்டார்கள். ஜெகந்நாதன் 1996இல் ஜெயித்ததில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது, அதுவும் சுனாமி அடித்து ஓராண்டு ஆவதற்குள். என் கருத்தில் அது அநியாயம். ஆனால் அந்தச் சட்டத்திலும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுப் பண்ணைக்கு உரிமம் கிடையாது. பதிவு இல்லாமல் நடத்தவும் கூடாது. சகோதரர் பதிவு வைத்திருக்கிறார், கழிவுத் தண்ணீரைத் தேக்கித் தெளியவைத்து விடுகிறார் என்றால் அவர்மேல் எனக்குச் சண்டை இல்லை. 2009க்குப் பிறகு வந்த வன்னாமி இறாலில் எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது என்பதும் தெரியும். என் அக்கா மகனே அங்கேதான் வேலை பார்க்கிறான். பதிவு இல்லாமல், ஊருணிக் கரையோரமாக வெட்டுகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

நூறு மீட்டர் நாடாவை எடுத்துக்கொண்டு நாமே போய் அளந்துவிடலாமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஆர்வம் நல்லது. ஆனால் உயர் ஓதக் கோடு என்பது அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் தண்ணீர் ஏறி நிற்கிற இடத்தை வைத்து அரசு வரைபடத்தில் குறித்த கோடு. நாம் கடல் ஓரத்தில் நின்று அளந்தால் கணக்கில் வராது. வரைபட நகலை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். தகவல் உரிமை மனு எழுதத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3

மனு அனுப்பியாயிற்று. எழுதிக் கொடுத்தது முதல் கேள்வி கேட்ட அதே 24 வயதுத் தம்பி.

மார்ச் 16

22ஆம் தேதி உலகத் தண்ணீர் நாள். அன்றைக்குக் கிராம சபை உண்டு. சிலை வைக்க வேண்டும் என்று ஒரு யோசனை, நூலகத்துக்கு அவர் பெயர் என்று ஒரு யோசனை. இரண்டுக்கும் நான் எதிர்ப்பு இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தீர்ப்பின் உத்தரவுப் பகுதியைத் தமிழில் எழுதி, சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மகளும் நானும் உட்கார்ந்து இரண்டு பக்கத்தில் எழுதிவிட்டோம். வழக்கறிஞர் தங்கை திருத்திக் கொடுத்தார். எது இன்னும் செல்லும், எது 2005 சட்டத்தால் மாறிவிட்டது என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்திருக்கிறோம். இல்லாவிட்டால் படிக்கிறவர்களை நாமே ஏமாற்றியதாக ஆகும்.

ஒரு சொல்லுக்கு மட்டும் நெடுநேரம் ஆனது. "பொதுப் பயன்பாட்டு நிலம்" என்று எழுதியிருந்தேன். அம்மா கேட்டுவிட்டு, "ஊத்து மேடுன்னு எழுது, எல்லாருக்கும் புரியும்" என்றாள். அடைப்புக்குறி போட்டு அதையும் எழுதினேன்.

மார்ச் 22, இரவு

வாசித்தேன். கூட்டம் பெரிதில்லை, 60 பேர் இருக்கும், பாதிக்கு மேல் பெண்கள். முதலில் கை நடுங்கியது, அப்புறம் சரியாகிவிட்டது. ஊருணித் தண்ணீரையும் மணல்மேட்டு ஊற்றுத் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்ப வேண்டும், ஊர் எல்லைக்குள் உள்ள பண்ணைகளின் பதிவு விவரத்தைச் சபையில் வைக்க வேண்டும் என்று இரண்டு தீர்மானம். இரண்டும் பதிவேட்டில் ஏறியது. எழுதி முடிக்கும்வரை பெரியம்மா பக்கத்திலேயே நின்று, தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

பின்னால் வேப்பமரத்தடியில் இரண்டு பையன்கள் நின்றார்கள். பண்ணையில் வேலை பார்ப்பவர்கள், முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. தொழிலாளர் பத்தியை வாசித்தபோது ஒருவன் முன்னால் வந்தான். கூட்டம் முடிந்ததும் இருவரும் என்னிடம் வந்து, "அண்ணே, அந்த ஆறு வருசச் சம்பளம் எங்களுக்கும் உண்டா?" என்று கேட்டார்கள். அது அன்றைக்கு மூடச் சொன்ன பண்ணைகளுக்கான உத்தரவு, இப்போது அப்படியே பொருந்தாது, வேலைக்குச் சேர்ந்த தேதிக்கும் வாங்கும் சம்பளத்துக்கும் கையில் ஏதாவது எழுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். என் 900 ரூபாய்க்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருந்ததில்லை.

பரவாயில்லை, தாளைக் கொடுங்கள் என்று வாங்கி, இரண்டு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் கையெழுத்து புரியாத இடத்தில் விரல் வைத்துக் கேட்டான், சொன்னேன். ஆறு மணித் தீவனத்துக்கு நேரமாகிவிட்டது என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.